மலேசியா குரூப் டூர் நடத்துறவங்களுக்கு, பினாங்குலேர்ந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க.

பினாங்கு ஓட்டல் ரூம்ல உக்காந்து எழுதுறேன், அம்மா தூங்கிட்டாங்க, காலைல 5 மணிக்கு பெட்டியோட லாபில நிக்கணும். திருச்சிலேர்ந்து கெளம்பி வந்த 6 நாள் டூர் இதோட முடியுது. இது ஒரு கம்பெனிக்கு மட்டும் எழுதுற லெட்டர் இல்லைங்க, 2023 டிசம்பர்ல விசா வேண்டாம்னு ஆனதுலேர்ந்து நம்ம ஊர்ல இருந்து ஆளுங்கள இங்க கூட்டிட்டு வர்ற எல்லாருக்கும்தான்.

மொதல்ல நல்லத சொல்லிடுறேன். சாப்பாட்டுல ஒரு கொறையும் இல்ல, ட்வின் டவர் ஜெண்டிங் எல்லாம் சொன்னபடி காட்டுனாங்க, டூர் மேனேஜர் தம்பி அம்மாவோட பைய கடைசி வரைக்கும் தானே தூக்கிட்டு வந்தாரு. அவரு நல்லா இருக்கணும்.

ஆனா அம்மா வந்தது அதுக்கெல்லாம் இல்ல. 74 வயசு அவங்களுக்கு. அவங்க அப்பா, அதாவது எங்க தாத்தா, 1937ல நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி பினாங்குல எறங்குனவரு. அடுத்த வருஷமே மலாயாவுக்கு கூலி ஆள் அனுப்பக்கூடாதுன்னு இந்தியால தடை போட்டாங்க, இவரு அதுக்குள்ள போய்ச் சேந்துட்டாரு. கெடா பக்கம் ஒரு தோட்டத்துல பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தக் கீறிப் பால் எடுத்து, ஜப்பான்காரன் சண்டையெல்லாம் பாத்துட்டு, ஊருக்குத் திரும்பி வந்து கல்யாணம் பண்ணி, அப்புறம்தான் அம்மா பொறந்தாங்க. கப்பல்லேர்ந்து எறக்கி நேரா ஊருக்குள்ள விடல, ஒரு தீவுல அடைச்சு வச்சு துணியெல்லாம் அவிச்சு நோய் இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் விட்டாங்கன்னு தாத்தா சொல்வாராம், அம்மா அந்தக் கதைய எனக்கு எத்தன வாட்டி சொல்லிருப்பாங்கன்னு கணக்கே இல்ல. உங்க நோட்டீஸ்ல பினாங்குன்னு பாத்ததும் "ஏண்டி, நெஜமாவே பினாங்கு போறாங்களா"ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க.

மூணாவது நாள் கோலாலம்பூர்ல லேட்டக்ஸ் மெத்தை கடைக்கு கூட்டிட்டுப் போனாங்க. ஒன்றரை மணி நேரம். தலகாணிய அமுக்கிக் காட்டுறதுக்கு முன்னாடி ரப்பர் பால் எப்படி எடுக்குறாங்கன்னு மரத்துண்டுல கீறல் போட்டு அடியில ஒரு கிண்ணம் கட்டி வச்சிருந்தாங்க, அம்மா அந்தக் கிண்ணத்தப் பாத்து தன்னால "மங்கு"ன்னாங்க. பக்கத்துல நின்ன உள்ளூர் கைடு டக்குனு திரும்பி, "அம்மா இந்த வார்த்த உங்களுக்கு எப்படித் தெரியும், எங்க பாட்டி சொல்றதாச்சே"ன்னு கேட்டாரு. அவரோட பாட்டியும் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்களாம். அந்த ரெண்டு பேரும் பத்து நிமிஷம் பேசுனாங்க பாருங்க, இந்த 6 நாள்ல அம்மா மொகம் அப்படி மலந்தது அப்பதான்.

அந்த மனுஷன் கையில ஒரு நாளாச்சும் மைக் குடுத்திருக்கலாம்ங்க! பத்துமலைக்கு நமக்கு குடுத்தது 40 நிமிஷம், 140 அடி முருகன் முன்னாடி போட்டோ எடுத்து, ஏற முடிஞ்சவங்க 272 படி ஏறி எறங்குறதுக்குள்ள நேரம் போச்சு. 1891ல அந்தக் கோயில ஆரம்பிச்சது தம்புசாமிப் பிள்ளைங்கிற தமிழருன்னு அவரு எங்க ரெண்டு பேருக்கு மட்டும் படிக்கட்டு ஓரமா நின்னு சொன்னாரு, ஏன்னா பஸ்ல முழுக்க பாட்டுப் போட்டி ஓடிட்டு இருந்துச்சு. பினாங்கு பாலத்துல, அந்தப் பதிமூணரை கிலோமீட்டர்ல, எங்க சீட்டுக்கு வந்து குனிஞ்சு எடது பக்கம் கை காட்டுனாரு, "அதுதாம்மா ஜெரஜாக் தீவு, உங்கப்பாவ அங்கதான் வச்சிருப்பாங்க". பாலத்துல பஸ் நிக்க முடியாது, அது தெரியும். பாட்டு சத்தத்தயாவது அப்ப கொறைச்சிருக்கலாம்.

பினாங்கு நகரம் ஜார்ஜ் டவுனுக்கும் அதே 40 நிமிஷம்தான். ஆர்மீனியன் தெருவுல சுவர் ஓவியம் பாக்க எறக்கி விட்டாங்க. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801ல தமிழ் முஸ்லிம் வியாபாரி கட்டுனது, குவீன் தெரு மாரியம்மன் கோயில் 1833ல கட்டுனது, ரெண்டும் நடந்து போற தூரம். அம்மா கால் வலியோட மெதுவா நடந்து கோயில் வாசலுக்கு வர்றதுக்கும், எல்லாரும் பஸ்ஸுக்கு வந்தாச்சுன்னு போன் வர்றதுக்கும் சரியா இருந்துச்சு. அடுத்த ஸ்டாப் சாக்லேட் கடை.

ராத்திரி சாப்பாடு முடிஞ்சு நானா ஒரு கிராப் டாக்ஸி புடிச்சு கடற்கரைக்கு கூட்டிட்டுப் போனேன். தூரத்துல ஒரு பெரிய கப்பல் லைட்டோட நின்னுச்சு. அம்மா நாகப்பட்டினம் எந்தப் பக்கம்னு கேட்டாங்க. மேப்ல பாத்தா கடல் இருக்குற பக்கம் இல்ல, எங்களுக்கு முதுகுப் பக்கம், தீவுக்கு அந்தாண்ட. அம்மா ரோட்டப் பாத்து திரும்பி நின்னு கும்பிட்டாங்க.

கடைக்கு கூட்டிட்டுப் போனா கமிஷன் வரும், அதுலதான் டூர் விலை கொறையுதுன்னு எனக்கும் தெரியும், அத நான் தப்பு சொல்லல. மூணு கடைல ஒரு கடைய எடுத்துடுங்க, அந்த நஷ்டத்துக்கு தலைக்கு 2,000 ரூபா கூட கேளுங்க, தர்றோம். அதுக்குப் பதிலா பினாங்குல ஒரு சாயங்காலம் முழுசா குடுங்க, கடைத்தெரு, மாரியம்மன் கோயில், துறைமுகம், அவ்வளவுதான், உள்ளூர் கைடு பேசட்டும். வயசானவங்களுக்கு ஒரு வேன் போடுங்க. தஞ்சாவூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் எந்த பஸ்ஸ ரொப்புனாலும் எங்க அம்மா மாதிரி ஒருத்தர் அதுல இருப்பாங்க, எங்க பஸ்லயே இன்னொரு பெரியவரு இருந்தாரு, அவரோட சித்தப்பா தைப்பிங்ல செத்துப் போனாருன்னு நேத்துதான் சொல்றாரு, சாப்பாட்டு மேசைல, யாரும் கேக்காததால அது வரைக்கும் சொல்லவே இல்ல.

பாஸ்போர்ட் காப்பி வாங்குறப்பவே கேட்டு எழுதிக்கங்க, உங்க வீட்டுலேர்ந்து முன்னாடி யாராச்சும் இங்க வந்திருக்காங்களா, எந்த ஊர்ல இருந்தாங்கன்னு.