சட்டமன்றம் இல்லாத மார்ச் மாதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அதிகாரமெல்லாம் ஒரே இடத்தில் குவிந்தால் கொடுங்கோன்மையில்தான் போய் முடியும் என்று உங்கள் நாளிதழில் எழுதியிருந்தார்கள். பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றிப் பாம்பன்காரனான எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

கச்சத்தீவையே எடுத்துக்கொள்வோம் (எங்கள் பக்கத்து ஆள் எதைப் பேச ஆரம்பித்தாலும் அங்கேதான் வந்து நிற்பான், பொறுத்துக்கொள்ளுங்கள்). எல்லோரும் அந்தத் தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 ஒப்பந்தத்தைத்தான் திட்டுகிறார்கள். அதிலாவது நம் மீனவர்களும் யாத்திரை போகிறவர்களும் முன்போலத் தீவுக்குப் போய் வரலாம் என்று ஒரு வரி இருந்தது, தமிழகச் சட்டமன்றமும் அந்த ஆண்டே எதிர்த்துத் தீர்மானம் போட்டது. என்னை உறுத்துவது 1976. ஜனவரி 31இல் இங்கே ஆட்சியைக் கலைத்தார்கள். மார்ச் 23இல் இரண்டு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் கடிதம் மாற்றிக்கொண்டு, இந்திய மீனவர் இலங்கைக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று முடித்துவிட்டார்கள். அப்போது நெருக்கடி நிலை, பத்திரிகைகளுக்குத் தணிக்கை, எதிர்த்துத் தீர்மானம் போடலாம் என்றால் சென்னையில் சட்டமன்றமே கிடையாது. என் அப்பா வல்லத்தில் போய்க்கொண்டிருந்த காலம் அது. தன் கடலில் கோடு போட்டுவிட்டார்கள் என்பது ரொம்ப நாள் கழித்து டீக்கடையில் யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரியுமாம்.

சரி, அதனால் மையத்தில் அதிகாரம் இருந்தாலே கொடுங்கோன்மையா? அவ்வளவு அதிகாரத்தையும் கையில் வைத்திருந்த இந்திரா காந்தியே 1977இல் ரேபரேலியில் தோற்றாரே. நம் தமிழ்நாடு அப்போதும் அவர் இருந்த கூட்டணிக்குத்தான் அள்ளிப் போட்டது, அது வேறு கதை.

அதிகாரத்தை ஊருக்கே கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்கள் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியையும் கீரிப்பட்டியையும் நினைத்துப் பார்க்கட்டும். தலைவர் பதவியை ஆதிதிராவிடருக்கு ஒதுக்கியதற்காக 1996இல் தொடங்கிப் பத்து ஆண்டு அங்கே ஊராட்சித் தேர்தலை ஒழுங்காக நடத்தவே விடவில்லை. 2006இல் அரசு முனைந்து நின்ற பிறகுதான் நடந்தது. அவ்வளவு தூரம் போவானேன், எங்களுக்குப் பக்கத்து ஊரிலேயே கணவனை இழந்த ஒரு அக்கா, ஊர்க்கூட்டத்தில் படகுப் பங்கு கேட்டுச் சத்தம் போட்டார் என்று ஊர் விலக்கு வைத்தார்கள். இரண்டு மாதம் அவர் கூடையில் போட ஒரு கட்டி ஐஸ் கொடுக்க ஆளில்லை, ஏலத்தில் அவர் மீனுக்கு யாரும் விலை சொல்லவில்லை. கடைசியில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்து, தாசில்தார் நேரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஊர் இறங்கி வந்தது. அந்த அக்காவுக்குக் கொடுங்கோலன் டில்லியில் இல்லை, நாலு வீடு தள்ளி இருந்தான்.

ஆகவே என் கணக்கு வேறு. முடிவெடுக்கிறவன் டில்லியில் இருக்கிறானா ஊரில் இருக்கிறானா என்பதைவிட, அவனைக் கேள்வி கேட்க நமக்கு ஒரு இடம் இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். 2001இல் கடலடியில் கிடக்கும் கடலட்டை என்ற உயிரினத்தை வனவிலங்குச் சட்டப் பட்டியலில் சேர்த்துத் தடை போட்டார்கள். அட்டை அழிகிறது என்றால் காக்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மூச்சை அடக்கி முங்கி எடுத்துப் பிழைத்தவர்களிடம், எங்கே இருக்கிறது, எங்கே குறைந்தது, எந்த மாதம் விட்டுவைத்தால் பெருகும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? எதிர்க்கரையான இலங்கையில் அதே அட்டையை உரிமம் வாங்கி எடுக்கிறார்கள். இங்கே ஒருவன் சாக்கில் நாலு அட்டை இருந்தால் வழக்கு.

போன கிராம சபையில் இதையே தீர்மானமாக எழுதிக் கொடுத்தோம். வந்திருந்த அலுவலர் மேலே அனுப்புகிறேன் என்று வாங்கிப் போனார். நகல் என் பெட்டியில் இருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு நாட்டுப்படகு மீனவர்,
பாம்பன்.