ஜவ்வரிசிய நான் வெளிய விடமாட்டேன்டி

ஏய் மல்லி,

உன் மெசேஜுக்கெல்லாம் ஒத்த வார்த்தையில பதில் போட்டுட்டிருக்கேன்னு கோவமா இருப்ப, தெரியும். காப்பிப் பழம் பறிக்கிற சமயம், இவரு எஸ்டேட்டே கதின்னு கெடக்காரு. அத்தைக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, பாப்பா நல்லா இருக்கா, குளிருதுன்னு குளிக்க மாட்டேங்குறா. அவ்ளோதான். இப்ப விஷயத்துக்கு வரேன்.

போன ஞாயித்துக்கிழமை எங்க பூனை ஜவ்வரிசி காணாம போயிட்டான்டி. சிலிண்டர் போட வந்தவர் கதவ தொறந்து வெச்ச நேரத்துல நழுவிட்டான். எங்க வீட்டுக்குக் கீழ ரோட்டோரமா டூரிஸ்ட் வண்டிங்க நிக்குமே, அங்க ஒரு காரோட பின் சீட்டுல, யாரோ ஒரு குட்டிப் பையன் மடியில மல்லாக்கப் படுத்து வயித்த காட்டிட்டிருக்கான். வண்டி ஸ்டார்ட் ஆகிடுச்சு! பாப்பா ஓடிப்போய் கண்ணாடிய தட்டுனா. அந்தப் பையனோட அம்மா இறங்கி, "தெருப்பூனைன்னு நெனச்சோம்மா, கூப்டதும் தானா வந்து ஏறிடுச்சு"ன்னாங்க. அவங்க பொய் சொல்லல, அவன் அப்படித்தான் ஏறியிருப்பான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா மலை ரோட்டு இருபது பெண்டும் இறங்கி அடிவாரம் தாண்டியிருப்பான், நான் எந்த ஊர்னு போய் தேடறது?

அன்னிலேர்ந்து எனக்கு தூக்கமே இல்ல. நீ என்னடான்னா "பூனைய போய் யாராவது அடைச்சு வெப்பாங்களா, பாவம்டி, விட்டுடு"ன்னு வாய்ஸ் நோட் அனுப்புற. அத்தையும் அதேதான் சொல்றாங்க, இவரும் அதேதான். சேலம் செவ்வாப்பேட்டையில நம்ம தெருப் பூனைங்க ஓட்டு மேல ஓட்டு தாவிட்டு, கொலுசுப் பட்டறையில தூங்கிட்டு, யார் வீட்ல மீன் வாங்கினாலும் அங்க ஆஜராகிட்டு ராஜா மாதிரி இருந்துச்சேங்குற. இருந்துச்சு, நான் இல்லேங்கல. ஆனா மல்லி, நம்ம கருப்பன் எத்தன கருப்பன்டி? ஒண்ணு போச்சு, கொஞ்ச நாள்ல இன்னொண்ணு வந்துச்சு, அதையும் கருப்பான்னே கூப்ட்டோம். முன்னாடி இருந்தது எங்க போச்சு, வண்டியில அடிபட்டுச்சா, நாய் புடிச்சுச்சா, யாராவது ஒருத்தராவது கேட்டோமா? வீட்டுக்குள்ளயே இருக்குற பூனை பதினஞ்சு வருஷம் கூட இருக்குமாம், நம்ம கருப்பன்ல ஒண்ணாச்சும் கெழடானத நீ பாத்திருக்கியா?

அந்தப் பூனைங்களுக்காவது பயம்னு ஒண்ணு இருந்துச்சு. ஆள் கைய நீட்டினா பத்தடி பின்னால போகும், நாய் வாசனை வந்தாலே மதில் மேல இருக்கும். இவனுக்கு அதெல்லாம் கெடையாது. பக்கத்து வீட்டு நாய் கேட்டுக்கு வெளிய கொலச்சுதுன்னா இவன் ஜன்னல் கம்பியில மூக்க வெச்சு மோந்து பாக்குறான். எல்லாரும் "எவ்ளோ சாது"ன்னு கொஞ்சுறாங்க, எனக்கு அதக் கேட்டாலே வயித்தக் கலக்குது. சாதுவா இருக்குறதுனாலதான்டி விடக்கூடாதுங்குறேன். முரட்டுப் பூனையா இருந்தா ஒருவேளை நானும் யோசிச்சிருப்பேன்.

இன்னொண்ணு எலி மருந்து. இங்க காட்டேஜ்காரங்க எல்லாரும் வெக்கிறாங்க. பூனை மருந்த திங்க வேண்டாம், மருந்து தின்ன எலிய தின்னாலே போதும். அதுல ஒரு வகை ரத்தத்த உறைய விடாது, மொத ரெண்டு மூணு நாள் ஒண்ணுமே தெரியாது, அப்புறம் உள்ளுக்குள்ளயே ரத்தம் கசியும். சீக்கிரம் கண்டுபிடிச்சா வைட்டமின் கே குடுத்து காப்பாத்தலாம், ஆனா மலையிலேர்ந்து சேலத்துக்கு தூக்கிட்டு ஓடறதுக்குள்ள என்னாகும்னு நீயே சொல்லு. வெறிநோய் ஊசி வருஷா வருஷம் போடுறோம், கருத்தடை ஆபரேஷனும் பண்ணியாச்சு (பஸ்ல கூடையில வெச்சு கொண்டு போனப்ப அவன் கத்துன கத்துல கண்டக்டரே டிக்கெட் வேணுமான்னு கேட்டாரு), அதனால ஊர் சுத்துற ஆசை, சண்டை போடுறதெல்லாம் கொறையும். ஆனா ஊசி போட்டா நாய் கடிக்காதா, கண்ணாடி விரியன் கொத்தாதா?

அப்புறம் கொண்டலாத்திக் குருவிங்க. நம்ம வேலியில, காப்பிச் செடியில எல்லாம் கூடு கட்டும். வயிறு நெறஞ்சிருந்தாலும் பூனை வேட்டையாடும் மல்லி, பசிச்சாதான் வேட்டைன்னு இல்ல. சாதுங்குறது நம்மகிட்டதான், குஞ்சுகிட்ட இல்ல.

இவ்ளோ பேசிட்டு, சாயங்காலம் ஆனா எனக்கே மனசு கேக்க மாட்டேங்குது. பனி இறங்குற நேரம் பாத்து ஜன்னல் திட்டுல ஏறி ஒக்காந்துக்குவான், சில்வர் ஓக் மரத்துல அணில் ஓடுறத பாத்து தாடை கிடுகிடுன்னு ஆடும், ஒரு மாதிரி சன்னமா சத்தம் போடுவான், அப்புறம் திரும்பி என்னப் பாப்பான். அந்தப் பார்வைய பாத்தா கதவ தொறந்துடலாம்னு கை போகுதுடி. விடியக்காலையும் சாயங்காலமும்தான் பூனைக்கு வேட்டை நேரம், அவன் ஒடம்பு அவன கூப்புடுது, அத நான் இல்லன்னு சொல்லல. அதனால அடைச்சு மட்டும் வெச்சா போதாது, அதுக்கு பதிலா ஏதாவது செஞ்சாகணும். இப்ப தெனமும் சோறு வெக்கிறதுக்கு முன்னாடி பாப்பா குச்சியில கோழி இறகு கட்டி அவன ஓட விடுறா, பாய்ஞ்சு புடிச்சு களைச்சதும் சாப்ட்டுட்டு தூங்கிடுறான், ராத்திரி கத்துறது நெஜமாவே கொறஞ்சிருக்கு. பெல்ட் போட்டு தோட்டத்துல நடக்க விட்டுப் பாத்தோம், பொத்துன்னு சாஞ்சு படுத்துக்கிட்டான், கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும்.

பின் வராண்டா முழுக்க கம்பி வலை அடிச்சு, மேல வரைக்கும் ஏற மாதிரி பலகை வெச்சுக் குடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். காத்து வரும், அணிலும் தெரியும், யாரும் தூக்கிட்டுப் போக முடியாது. இவரு "பூனைக்கு இவ்ளோ செலவா"ன்னு மொதல்ல மொறச்சாரு, அப்புறம் அவரே டேப்ப எடுத்து அளந்துட்டிருக்காரு. உங்க மாமா கடையில அரை இஞ்ச் கண்ணு வெச்ச வலை மீட்டர் என்ன வெலைன்னு கேட்டு சொல்லு, கொரங்கு இழுத்தாலும் பிய்யாத கெட்டியான கம்பியா பாரு. நம்ம ஆளுக்குன்னு சொல்லு, கொறப்பாரு. பஸ்ல போட்டு விட வேண்டாம், நீயே எடுத்துட்டு வா, தட்டுவடை செட்டோட. வந்து அவன பாத்துட்டு அப்புறம் சொல்லு, வெளிய விடுன்னு.

உன்
செல்வி