தெருமுனைக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

வீட்டுக்குள் புகுந்த வெள்ளத் தண்ணீர் வடிந்து பன்னிரண்டு நாள்கள் ஆகின்றன. நடந்ததை நீங்கள் அறிவீர்கள். திரும்ப எழுத எனக்கும் தெம்பில்லை. கட்டடக்கலைப் பேராசிரியராக இருந்த 36 ஆண்டுகளில், சென்னையின் பழங்கட்டடங்களை மாணவர்களோடு நாடா பிடித்து அளந்து வரைந்த தாள்கள் எல்லாம் என் கீழறையில்தான் இருந்தன. அவற்றைத் தோளில் சுமந்து மாடியேற்றிய பழைய மாணவர்களுக்கும், கூடத்தையே ஒழித்துக் கொடுத்த எதிர்வீட்டாருக்கும், மை ஒற்றும் தாள்களைக் கட்டுக்கட்டாக அனுப்பிய நண்பர்களுக்கும் என் நன்றி.

இருந்தாலும் இம்மடலை எழுதவைத்தவர் எங்கள் தெருமுனையில் துணி தேய்ப்பவர். சுருங்கிக் கிடந்த தாள்களைப் பார்த்துவிட்டு, "பெட்டியை ஆறவிட்டுத் தேய்த்தால் நிமிர்ந்துவிடும் ஐயா" என்றார். காகிதத்துக்குச் சூடு ஆகாது என்று பாடம் நடத்தியவன் நான், தயங்கினேன். அவரோ எதுவும் வரையாத ஒரு தாளைக் கேட்டு வாங்கி, அதன்மேல் பழைய வேட்டியை மடித்துப் போட்டு, கரிப்பெட்டியின் சூட்டைப் புறங்கையால் பார்த்துப் பார்த்து, இழுக்காமல் ஒற்றி எடுத்துக் காட்டினார். சுண்ணாம்புச் சுவரின் ஒரு மூலையில் சோதித்த பிறகே மற்ற இடத்தில் கைவைக்க வேண்டும் என்பதை மாணவர்களுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு பருவம் முழுவதும் தேவைப்படும். ஆறு இரவுகள், வேலை முடிந்த பிறகு, எண்பதுக்கும் மேற்பட்ட தாள்களை நிமிர்த்தினார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

கடைசி இரவில் மூர் மார்க்கெட்டின் தரைத்தள வரைபடம் வந்தது. 1900இல் திறக்கப்பட்டு 1985இல் தீக்கிரையாகி, இன்று சென்ட்ரலின் புறநகர் ரயில் முனையமாகிவிட்ட அந்த இடத்தை இனி யாரும் அளக்க முடியாது. அவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வளைவின் அருகே விரலை வைத்து, "எங்கப்பா இங்கேதான் பழைய புத்தகம் விற்றார்" என்றார். எங்கள் தாளில் அந்த இடத்தில் சுவரின் கனமும் வளைவின் அகலமும் கால் அங்குலம் பிசகாமல் குறித்திருக்கின்றன, கடை இல்லை. நாடா இழுக்க இடைஞ்சல் என்று கடைக்காரர்களை நகரச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவர்களில் இவருடைய தந்தையும் இருந்திருக்கலாம்.

அந்த வளைவின் அடியில் அவர் தந்தையின் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். மற்ற கடைகள் யாருடையவை என்று அறிந்தவர்கள் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள், தாளில் இடமிருக்கிறது.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற பேராசிரியர்