மணிமேடை ஜங்ஷன் கடைக்கார அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். நாகர்கோவில்ல பொறந்து வளந்த ஆளு எழுதுறேன். கேக்கப்போறது ஒண்ணே ஒண்ணுதான், உங்க கடை போர்டு, ஃப்ளெக்ஸ் எல்லாம் நம்ம மணிக்கூண்டு, அந்த மணிமேடைய மறைக்காத மாதிரி கொஞ்சம் தாழ்த்தி மாட்டுங்க.

போன மாசம் எங்க அக்கா மகன் சென்னையில இருந்து வந்தான், ஜங்ஷன்ல நின்னுக்கிட்டே மாமா மணிமேடை எங்கன்னு கேக்கான், எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணிட்டு. அது சும்மா நேரம் பாக்குற கோபுரமா? திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் நம்ம ஊருக்கு வந்த ஞாபகமா கட்டுனது, 1893 பிப்ரவரி 15ல அவரே தொறந்து வச்சாரு. கடிகாரம் இங்கிலாந்துல டெர்பிங்கற ஊருல 1892ல செஞ்சது, லண்டன் மிஷன் பாதிரியாரு டதி ஐயரு மகாராஜாவுக்கு குடுத்த பரிசு. 60 அடி சங்கிலி, அதுல தொங்குற எடை கீழ எறங்க எறங்க முள்ளு ஓடும், கரண்டே வேண்டாம். மொத்த செலவு 3258 ரூபா 9 சக்கரம் 12 காசு, அதுல மகாராஜா போட்டது 1017 ரூபா. சக்கரம்னா என்னன்னு பய கேட்டான், 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபா, அது அந்தக்கால திருவிதாங்கூர் பணம்னு சொல்லப்போய் 1956 நவம்பர் 1ல நம்ம ஜில்லா தமிழ்நாட்டோட சேந்த கதை வரைக்கும் போயிட்டு, அரைமணி நேரம் ரோட்டுலயே நின்னு பேசிட்டு இருந்தோம்.

கன்னியாகுமரிக்கு போற ஜனம் நெறைய பேரு நம்ம ஊர் வழியாத்தான் போறாங்க, ஆனா எறங்கி பாக்குறவங்க கொறவு. ஊருக்கே பேரு குடுத்த நாகராஜா கோயில் இங்கதான இருக்கு, ஓலைக்கூரை போட்ட கருவறை, பிரசாதமா ஈரமண்ணு, தூணுல மகாவீரரும் பார்சுவநாதரும் செதுக்கி இருக்கு, நாகராஜா கோயில்ல சமண தீர்த்தங்கரர்னா வேற எங்க போய் பாக்க? அந்தப்பக்கம் 1819ல அஸ்திவாரம் போட்ட ஹோம் சர்ச். வாரவங்களுக்கு இதெல்லாம் சொல்றதுக்கு உங்கள விட்டா யாரு இருக்கா, வழி கேக்குறவன் மொதல்ல உங்க கடை வாசல்லதான வந்து நிக்கான்.

போர்டு எறக்கி மாட்ட ஏணியும் ஆளும் வேணும்னா நானும் என் சேக்காளிய ரெண்டு பேரும் வாரோம், ஞாயித்துக்கெழம சாயங்காலம் வியாபாரம் கொறவான நேரமா பாத்து சொல்லுங்க.