கடை வாசல் மரமும் உங்கள் போர்டும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆடித் தள்ளுபடியில் தொடங்கி தீபாவளி வரை பிளக்ஸ், போர்டு வேலை நெருக்கியடிக்கும் காலம். ஆர்டர் கொடுக்க வருகிறவர்களில் பலர் இரண்டு விஷயம் கேட்கிறார்கள். "வாசல்ல இருக்கிற மரத்துலயே ஆணி அடிச்சு மாட்டிடுவீங்களா?" அப்புறம், "போர்டை மறைக்கிற கிளையை உங்க பசங்களே வெட்டிடுவாங்களா?" இரண்டையும் நாங்கள் செய்வதில்லை. கூலி கூடுதலாகத் தந்தாலும் செய்வதில்லை. ஒற்றை வரியில் மறுத்து அனுப்ப மனம் வரவில்லை, அதனால்தான் இந்த மடல்.

நீங்களே நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தாலும், நடைபாதையில் நிற்கும் மரம் பொதுச் சொத்து. மரத்தில் ஆணி அடித்து விளம்பரம் வைத்தால் 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை என்று சென்னை மாநகராட்சி 2019-லேயே அறிவித்தது. டூலெட் அட்டையும் டியூஷன் நோட்டீசும்கூட விளம்பரம்தான்.

அபராதத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. எங்கள் தெரு முனையில் ஒரு புங்கமரம் இருக்கிறது. ஆளுயரத்தில் வரிசையாகப் பழைய ஆணிகள். சிலவற்றின் தலை துருவேறித் தெரிகிறது, சிலவற்றைப் பட்டை விழுங்கிவிட்டது, ஒன்றில் கிழிந்த பிளக்ஸின் ஐலெட் வளையம் இன்னும் தொங்குகிறது. அந்த இடத்தில் விரலால் தட்டிப் பார்த்தால் பொத்தென்று சத்தம் வரும். இலையில் உண்டாகும் உணவு பட்டையின் உட்பகுதி வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. ஆணி அதைக் கிழித்துக்கொண்டு கட்டைக்குள் போகிறது. பின்னாலேயே மழைநீரும் பூஞ்சையும் போகின்றன. நம் தோல் மாதிரி மரத்துக்குப் புண் ஆறாது. சுற்றிப் புதுப் பட்டை வளர்ந்து மூடிக்கொள்ளும், கெட்டுப்போன கட்டை உள்ளேயே இருக்கும்.

ஆணிக்குப் பதில் கம்பி கட்டலாமே என்பார்கள். மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டையை அறுத்துவிடும். சீரியல் செட் ஒயரை இறுக்கிச் சுற்றினாலும் இதே கதைதான்.

கிளை விஷயத்துக்கு வருவோம். பொது இடத்து மரத்தை வெட்ட, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். கிளை கழிப்பதாக இருந்தால் மாநகராட்சியின் பூங்காத் துறையிடம் கேளுங்கள். 1913-க்கு போன் செய்து புகாராகப் பதியலாம். மின்கம்பியில் உரசும் கிளை என்றால் மின்வாரியத்திடம் சொல்லுங்கள், நீங்கள் கை வைக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. போர்டு தெரிய வேண்டும் என்று கடைப் பக்கத்துக் கிளைகளை மட்டும் கழித்தால் பாரமெல்லாம் ரோட்டுப் பக்கம் சாய்ந்துவிடும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்த பிறகு எத்தனை தெருக்களில் மரம் குறுக்கே கிடந்தது என்பது சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

சரி, போர்டு தெரிய வேண்டுமே? அதற்கு வழி இருக்கிறது. கிளைக்குக் கீழே, ஷட்டருக்கு மேலே, கட்டட எல்லைக்குள் அடங்குகிற மாதிரி நீளவாக்கில் போர்டு அடிக்கலாம். சுவரிலிருந்து ஆங்கிள் பிரேமில் நீட்டி, இரண்டு பக்கமும் தெரிகிற சின்ன போர்டும் வைக்கலாம். நடந்து வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். தெருவுக்கு மேல் நீட்டுவதென்றால் அனுமதி தேவைப்படும், அதை முன்கூட்டியே பேசிக்கொள்வோம்.

வாசலுக்கு டைல்ஸ் போடுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடிமரம் வரை சிமென்ட் பூசாதீர்கள், வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை எடுக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் டெல்லிக்கு உத்தரவிட்டது. நம் வாசலிலும் அந்த ஒரு மீட்டரை விட்டுவிடலாம்.

ஏற்கெனவே மரத்தில் உங்கள் போர்டு இருந்தால் சொல்லுங்கள், காசு வாங்காமல் கழற்றித் தருகிறோம். வெளியே தெரியும் ஆணியைப் பட்டை பிய்யாமல் எடுத்துவிடுவோம். பட்டை மூடிவிட்ட ஆணியைத் தோண்ட மாட்டோம், அதில் காயம் இன்னும் பெரிதாகும். புது ஆர்டருக்கு வரும்போது கடை முகப்பை மரத்தோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வாருங்கள். அளவெடுக்க நாங்களே நேரில் வருகிறோம்.

அன்புடன்,
உங்கள் போர்டு கடைக்காரர்கள்