பேச்சுத் தேர்வுக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ பேசி மூன்று வாரங்கள் ஆகின்றன. வேலை அதிகம் என்று அக்கா சொன்னாள். நானும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறேன். போன முறை வந்த மதிப்பெண்ணைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. மறுபடியும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதப் பணம் கட்டியிருக்கிறாய் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பயிற்சிக்காக நீ பேசி அக்காவுக்கு அனுப்பியிருந்த ஒலிப்பதிவை அவள் எனக்குப் போட்டுக் காட்டினாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் வற்புறுத்தினேன். உன் பொழுதுபோக்கு என்ன என்ற கேள்விக்கு, "மை ஹாபி இஸ் ரீடிங் புக்ஸ்" என்று தொடங்கி, புத்தகம் நல்ல நண்பன் என்று மொத்தம் இரண்டு வாக்கியங்கள் சொன்னாய். அதோடு நின்றுவிட்டாய். அதற்கு மேல் மின்விசிறியின் சத்தம்தான் கேட்டது. நான்கு முறை கேட்டுவிட்டேன். உச்சரிப்பு அவ்வளவு தெளிவாக இருக்கிறது. நம் வீட்டில் இப்படி ஆங்கிலம் பேச வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் தம்பி, நீ ஒரு புத்தகத்தை எடுத்து முழுவதும் படித்து எத்தனை ஆண்டுகள் ஆகின்றன?

அந்தத் தேர்வைப் பற்றி அக்காவிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். அதில் பேச்சுத் தேர்வு மட்டும் மொத்தம் 11 முதல் 14 நிமிடங்கள், மூன்று பகுதிகள். சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்ற நான்குக்கும் சமமாக மதிப்பெண் உண்டு. நீ சொல்வது உண்மையா என்று யாரும் சோதிப்பதில்லை. அப்படியானால் எதை வேண்டுமானாலும் சொல்லலாமே என்று உனக்குத் தோன்றலாம். ஆனால் இரண்டாம் பகுதியில் தலைப்பு எழுதிய ஓர் அட்டையைக் கொடுத்து, குறிப்பெடுக்க 1 நிமிடம் தந்து, 2 நிமிடம் வரை உன்னைத் தனியாகப் பேச விடுகிறார்கள். நாம் செய்யாத ஒன்றைப் பற்றி யாரால் அவ்வளவு நேரம் பேச முடியும்? மூன்றாவது வாக்கியத்திலேயே நா வறண்டுவிடுகிறது. மனப்பாடம் செய்த விடையையும் தேர்வாளர்கள் எளிதில் கண்டுகொள்கிறார்கள். ஆகவே உனக்குத் தெரிந்ததைச் சொல்.

இறகுப்பந்தைப் பற்றிச் சொல். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் மாலை நீ அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதன் ஆவியில் பந்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாய். என்னடா இது என்று கேட்டதற்கு, இறகு காய்ந்துபோனால் நான்கு அடியிலேயே உடைந்துவிடும், ஈரம் ஏறினால் கொஞ்சம் தாங்கும் என்றாய். பிறகு அதை என் கையில் கொடுத்து எண்ணச் சொன்னாய். 16 இறகுகள். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தன. அதனால்தான் பந்து சுழன்றுகொண்டே போகிறது என்று விளக்கினாய். இதைச் சொல்ல உனக்கு 2 நிமிடம் போதுமா? போதாது. தேர்வாளர் இடையில் நிறுத்துவார். நேரம் முடிந்ததால்தான் நிறுத்துகிறார், நீ கலங்காதே.

விளையாட்டுக்கு ஏற்ற வினைச்சொல்லில் மட்டும் கவனம் வை. இறகுப்பந்துக்கு 'ப்ளே', நீச்சலுக்கு 'கோ', யோகாவுக்கு 'டூ'. பழக்கம் இல்லாவிட்டால் வாய் தவறிவிடும். கேள்வி புரியாவிட்டால் இன்னொரு முறை கேட்கச் சொல், அதில் வெட்கம் வேண்டாம். முன்பு செய்து இப்போது விட்டுவிட்ட பழக்கத்துக்கு 'யூஸ்டு டு' போட வேண்டும் என்று படித்தேன். 'ஐ யூஸ்டு டு ப்ளே' என்று நீ சொல்ல வேண்டியிருக்கும். அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

தம்பி, 'ரீடிங் புக்ஸ்' என்ற அந்த விடையை உனக்கு எழுதிக் கொடுத்தவள் நான். ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு நேர்காணல் இருந்ததே, அதற்கு முந்தைய இரவு. விளையாட்டு என்று சொன்னால் படிக்காத பிள்ளை என்று நினைப்பார்கள் என்று நானே முடிவு செய்து, நீ தூங்கி விழும்வரை அந்த மூன்று வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். 'பட் ஐ லைக் பேட்மிண்டன்' என்று நீயாக ஒரு வாக்கியம் சேர்த்தாய். அதை அடித்துவிட்டேன். பிறகு வீட்டுக்கு வந்தவர்களிடமும் இவன் புத்தகப் புழு என்றே சொல்லிவந்தேன், மட்டையோடு நீ வாசலில் நிற்கும்போதுகூட. ஒலிப்பதிவில் நீ சொன்னவை அதே வாக்கியங்கள், அதே வரிசை. மூன்றாவது மட்டும் உனக்கு மறந்துவிட்டது. உனக்கு ஆங்கிலம் வரவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அது அப்படி இல்லை. நீ பேச வந்த இடத்தில் என் வாக்கியங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

மூன்றாம் பகுதியில் பொதுவான கேள்விகள் வருமாம். பிள்ளைகள் ஏன் இப்போது குறைவாக விளையாடுகிறார்கள் என்று கேட்டாலும் கேட்பார்கள். பெற்றோர்தான் காரணம் என்று உனக்குத் தோன்றினால் அப்படியே சொல். அம்மா வருத்தப்படுவாள் என்று தயங்காதே. உனக்குத் தெரிந்ததைச் சொல், அவ்வளவுதான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தேர்வுக்கு முந்தைய இரவு கண் விழிக்காதே. பந்தை ஆவியில் எவ்வளவு நேரம் பிடிப்பாய், பத்து நொடியா, அதற்கும் மேலா? எனக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சொல். தமிழிலேயே சொல்.

அன்புடன்,
அம்மா