புகை வந்தால் என்ன செய்வது?

ஐயா,
விமானத்தில் பவர் பேங்க் எடுத்துச் செல்வது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். பவர் பேங்க் தீப்பிடித்தால், தீயைவிடப் புகைதான் ஆபத்து. 1980-ல் நடுவானில் தீப்பிடித்த சவூதி விமானம் ரியாத்தில் தரையிறங்கிய பிறகும், அதிலிருந்த 301 பேரும் இறந்தார்கள். மேலிருந்து தொங்கும் ஆக்ஸிஜன் முகமூடி புகைக்கு உதவாது. அது கேபினில் உள்ள புகை கலந்த காற்றையும் சேர்த்தே இழுக்கும். குனிந்து, நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்ள வேண்டும்.

போன மாதம் மதுரையிலிருந்து சென்னை போகும்போது நடுவானில் வயர் கருகிய வாடை. பக்கத்து இருக்கைப் பாட்டி சேலைத் தலைப்பால் மூக்கை மூடியபடி, "என்னப்பா சொல்றாங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அறிவிப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது. மதுரையில் கிளம்பும் ஒவ்வொரு விமானத்திலும், கதவு மூடியதும், புகை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் சொல்ல விமான நிறுவனங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

- வாசகர், திருமங்கலம்